காற்றுக்கு யாருங்க பில் போடுறது?

"ஆராய்ச்சிக்கூடம்னா என்ன, தன் செலவைத் தானே சம்பாதிக்கட்டுமே!" - காமர்ஸ் வகுப்பில் இதைச் சொன்னா கைதட்டு நிச்சயம். 2015ல் டேராடூன் பிரகடனம்னு ஒண்ணு வந்துச்சு. சி.எஸ்.ஐ.ஆர். கூடங்கள் எல்லாம் 2 வருஷத்துல பாதிச் செலவை தாங்களே தேடிக்கணும்னு இலக்கு வச்சாங்க. இது சுத்த அபத்தமான கணக்குங்கிறது என் கட்சி.

பெங்களூர் என்.ஏ.எல்.லில் 1967ல் வந்த 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கத்தையே எடுத்துக்குவோம். பெரிய தொட்டிகளில் காற்றை அமுக்கிச் சேர்த்து வச்சு, ஒரே மூச்சில் திறந்து விடுவாங்க. ஒலியைப் போல 4 மடங்கு வேகம் வரைக்கும் காற்று வந்து மாதிரி மேல மோதும். ஆடிக் காத்துல அம்மி பறக்குதுன்னு நாம பேசுறதெல்லாம் இதுக்கு முன்னாடி ஜுஜுபி :-) சோதனை என்னவோ சில வினாடிதான். அப்புறம் மறுபடி கம்ப்ரசரை ஓட்டித் தொட்டியை நிரப்பணும்.

சரி, 1967ல் போய் "உங்க வாடிக்கையாளர் யாரு?"ன்னு கேட்டிருந்தா? எச்.எஃப்-24 மாருத் 1961லேயே பறந்தாச்சு. எஸ்.எல்.வி-3 முதல்ல கிளம்பினது 1979ல். தேஜஸ் திட்டத்துக்கு ஒப்புதல் 1983, பறந்தது 2001. ராக்கெட்டும் தேஜஸும் பின்னாடி இதே சுரங்கத்துக்குத்தான் வந்தாங்க. அதுக்கும் முன்னாடி, கால்டெக்கில் 1951ல் டாக்டர் பட்டம் வாங்கி வந்த சதீஷ் தவான், இந்திய அறிவியல் கழகத்தில் சின்னச் சின்ன சூப்பர்சானிக் சுரங்கங்களைக் கட்டினார். அப்ப நம்மகிட்ட ராக்கெட்டே கிடையாது!

1979 ஆகஸ்ட் 10 அன்னிக்கு எஸ்.எல்.வி-3 கடல்ல விழுந்துச்சு. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலக் கசிவு. அது பேப்பர்ல வந்துச்சு. காற்று அதை முறிச்சுப் போடலையே, அது எந்தப் பேப்பர்ல வந்துச்சு? நடக்காத நஷ்டத்துக்கு ஜர்னல் என்ட்ரி போட எந்த வாத்தியாரும் சொல்லித் தர்றதில்லை. லாபம் ராக்கெட் கணக்கில், செலவு மட்டும் சுரங்கத்தின் கணக்கில்.

இந்தப் பக்கம் நம்ம காரைக்குடியில் இருக்கிற சிக்ரியும் சி.எஸ்.ஐ.ஆர். கூடம்தான். அது வர்றதுக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். நம்மையெல்லாம் விடக் கணக்குத் தெரிஞ்ச வியாபாரி அவர். கடனாக் கொடுக்கலை, தானமாக் கொடுத்தார்.

அப்ப கணக்கே கேக்கக் கூடாதா? தாராளமாக் கேளுங்க. வருஷத்துல எத்தனை நாள் ஓடுச்சு, எத்தனை நாள் ரிப்பேர்ல கிடந்துச்சு, யார் யாரு வரிசையில நின்னாங்க... எல்லாம் மக்கள் பணம், கேட்டே ஆகணும். தனியார் கம்பெனி வந்தா முழு சார்ஜும் வாங்குங்க. ஆனா பாதிச் செலவு வருமானமா வந்தே தீரணும்னு கழுத்துல கத்தி வச்சா, எந்த இயக்குநரா இருந்தாலும் இந்த வருஷமே செக் தர்ற வேலையைத்தான் தேடுவார். 12 வருஷம் கழிச்சு வரப்போற ராக்கெட்டுக்கு இன்னிக்கு அட்வான்ஸ் கொடுக்கிற கம்பெனி இருந்தா சொல்லுங்க, என் கட்சியை மாத்திக்கிறேன்.