கடலை மூடிய மண்ணில் வீடு வாங்கலாமா?

போன தீபாவளிக்கு ஜாசின் தோட்டத்து வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். அக்கா மகன் ஒரு விளம்பரத் தாளை நீட்டினான். மலாக்காவில் கடலை மூடிய நிலத்தில் அடுக்குமாடி வீடு.

"மாமா, ஆகஸ்ட் 24-ஆம் தேதி காலையில சிகாமட்டுல நிலம் ஆடுச்சே, அது மாதிரி வந்தா இந்த மண்ணு தாங்குமா?"

நான் பல ஆண்டுகள் மண் சோதனை வேலை பார்த்தவன். கேட்க வேண்டிய கேள்விதான் என்றேன்.

கடற்கரை ஈரமணலில் நின்று மிதித்துக்கொண்டே இருந்தால் கால் புதையும். நிலநடுக்கத்திலும் அதுதான் நடக்கிறது. தளர்ந்த மணல் குலுங்கும்போது நெருங்கப் பார்க்கும். இடையில் உள்ள தண்ணீருக்கு வெளியேற நேரமில்லை. பாரம் முழுவதும் தண்ணீர் மேல் விழ, மண் கூழாகிவிடும். 1964-இல் ஜப்பானின் நீகாதாவில் அடுக்குமாடிகள் உடையாமலே சாய்ந்தன. 2018 செப்டம்பர் 28-இல் இந்தோனேசியாவின் பாலு நகரில், லேசான சரிவுதான், வீடுகளோடு நிலம் நூற்றுக்கணக்கான மீட்டர் நகர்ந்தது.

இதை முன்கூட்டியே கணிக்க முடியுமா? ஓரளவு முடியும். துளையிட்டு, 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போடுவோம். குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவோம். தண்ணீர் ஊறிய மணலில் 15 அடிக்குக் குறைந்தால் உஷார்! அந்த அடுக்கின் கனம், மணலின் பருமன், நிலச்சரிவு, நடுக்கத்தின் அளவு, தூரம் எல்லாம் சேர்த்தால், நிலம் பக்கவாட்டில் எவ்வளவு நகரும் என்று ஒரு கணக்கு கிடைக்கும். ஆனால் உண்மையில் அதன் பாதியும் நகரலாம், இரண்டு மடங்கும் நகரலாம்.

சிகாமட் அதிர்வு 4.1 அளவுதான். பொதுவாக 5-க்குக் கீழே மணல் இளகுவது அரிது. சுமத்திராவின் பெரிய நடுக்கங்களும் மலாக்காவுக்கு வரும்போது தூரத்தால் தணிந்துவிடுகின்றன. அதனால் பயந்து ஓட வேண்டாம். கேட்காமலும் இருக்க வேண்டாம்.

"மண் ஆய்வு அறிக்கை இருக்கா? கொட்டுன மணலை இறுக்குனாங்களா? தூண் கெட்டித் தரை வரைக்கும் இறங்கியிருக்கா? இந்த மூணையும் கேளுப்பா," என்றேன்.

போன வாரம் அழைத்தான். விற்பனையாளர் நீச்சல் குளத்தைத்தான் காட்டினாராம். அறிக்கை கைக்கு வரட்டும், ஒரு பொறியியலாளரிடம் காட்டுவோம். அதுவரை முன்பணம் கட்டாதே என்றேன். முப்பது வருடக் கடன் அல்லவா!