கோபத்துக்கு ஒரு ரிலே!



"மலர்ல ரெண்டு பக்கம் காலியா இருக்கு, வெற்றிக்குப் பத்து வழிகள்னு ஏதாவது எழுதிக் கொடு" என்று மலர்க் குழுவில் சொன்னார்கள். பத்து வழிகள் எழுதுவது பெரிய காரியமில்லை. விடியற்காலை எழு, தினமும் படி, நேரத்தை வீணாக்காதே, கோபப்படாதே... எல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்து நாம் கேட்டு வருபவைதாம். கேட்டு என்ன ஆனோம்? ஆகவே பத்து வேண்டாம். என்னால் நடந்த ஒரு தவறைச் சொல்லி, அதிலிருந்து நான் கற்ற ஒரே ஒரு வழியை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

என் தாய்மாமா உடுமலைப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். லீவு நாட்களில் நான் அங்கேதான். போன கோடையில் ஒரு விவசாயியின் 5 எச்.பி. மோனோபிளாக் மோட்டாரை முதல் தடவையாக நானே தனியாகக் கட்டினேன். மாமா வெளியூர் போயிருந்தார். காயில் இறக்கி, வார்னிஷ் ஊற்றி, பல்பு போட்டுக் காய வைத்து, மறுநாள் ஓட்டிப் பார்த்துக் கொடுத்து அனுப்பினேன். "டிப்ளமோ முடிக்கறதுக்கு முன்னாடியே மெக்கானிக் ஆயிட்டோம்!" என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக் கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை அந்த விவசாயி மோட்டாரோடு வந்து நின்றார்.

"ஏந்தம்பி, நாலாயிரம் வாங்கிட்டுக் கட்டுன மோட்டாரு ரெண்டு நாள் தாங்கலியே? தென்னைக்குத் தண்ணி காட்டி அஞ்சு நாளாச்சு. இதைத்தான் காலேஜ்ல சொல்லித் தர்றாங்களா?"

கடையில் நாலு பேர் இருந்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. "ரிலேவை டைரக்ட் பண்ணி ஓட்டியிருப்பீங்க. லோ வோல்டேஜ்ல போட்டா எரியாம என்ன பண்ணும்? எங்க மேல ஏறாதீங்க!" என்று கத்திவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பதில் பேசாமல் மோட்டாரைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் வேறொரு கடைக்காரர் மாமாவுக்குப் போன் பண்ணினார். அந்த மோட்டாரை அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஸ்லாட் பேப்பர் ஓரிடத்தில் கிழிந்திருந்ததாம். வார்னிஷ் உள்ளே இன்னும் பிசுபிசு என்று இருந்ததாம். ரிலே, வோல்டேஜ் எதுவுமே காரணமில்லை. தப்பு முழுக்க என்னுடையது!

மாமா திட்டவில்லை. பில் புக்கை எடுத்து என் முன்னால் வைத்தார். அந்த விவசாயியும் அவர் ஊர்க்காரர்களும் ஒரே வருஷத்தில் கொண்டுவந்த மோட்டார்கள் 11. "எண்ணிப் பார்த்துக்கோ" என்றார். அவ்வளவுதான்.

நண்பர்களே, தொழில், மூளைக் கூர்மை, கோபம் இவை மூன்றும் மூன்று தனித்தனிப் பாடங்கள் என்று நினைத்துக் கொண்டிருந்தேன். மூன்றும் ஒரே சர்க்யூட் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கவனம் சிதறியதால் தவறு நடந்தது. கோபம் அந்தத் தவறை என் கண்ணிலிருந்தே மறைத்தது. தொழில் அதற்கு விலை கொடுத்தது.

"கோபத்தை அடக்கு" என்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஓவர்லோடு ரிலேவை நினைத்துப் பாருங்கள். கரண்ட் அதிகமானால் அதிலுள்ள பைமெட்டல் தகடு சூடாகி வளைகிறது. ரிலே டிரிப் ஆகிறது, மோட்டார் நிற்கிறது. உடனே ரீசெட் பட்டனை அழுத்தினால் பிடிக்காது. தகடு ஆற வேண்டும். ஆறிய பிறகும் சும்மா ரீசெட் பண்ணி ஓட்டக் கூடாது, ஏன் டிரிப் ஆயிற்று என்று பார்க்க வேண்டும். கோபத்தை உள்ளே அமுக்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறவன் ரிலேவை ஷார்ட் பண்ணி ஓட்டுகிறவன். கத்துகிறவன் காயிலையே எரித்துக் கொள்கிறவன். டிரிப் ஆகி ஒதுங்கி நிற்கிறானே, அவன்தான் தப்பிக்கிறான்! கோபம் வந்தால் நமக்கும் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. அது இறங்க நேரம் கொடுக்காமல் பேசினால் பேசுவது நாமல்ல, அந்தச் சூடு.

"அதெல்லாம் நம்மால முடியாதுப்பா, நமக்கு ரோஷம் ஜாஸ்தி" என்பவர்களை ஒன்று கேட்கிறேன். எச்.ஓ.டி. திட்டினால் என்ன செய்கிறோம்? கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோமா இல்லையா? ஆக, நிறுத்த நமக்குத் தெரியும்! தம்பி, தங்கை, ஜூனியர், கடைக்கு வரும் பாவப்பட்ட விவசாயி... இவர்களிடம் மட்டும் ரோஷம் பொங்குகிறது. நம் கோபம் செல்லுபடியாகும் இடத்தில்தான் அதைக் காக்க வேண்டும் என்று வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தில் முதலிலேயே சொல்லிவிட்டார். நாம்தான் மார்க்குக்காக மட்டும் படித்தோம்.

நின்றால் மட்டும் போதுமா? போதாது. நின்ற பிறகு தேட வேண்டும். ஜப்பானில் சகிச்சி டொயோடா என்று ஒருவர். தச்சரின் மகன். 1924ல் அவர் முழுமையாக்கிய தானியங்கித் தறியின் பெருமை அதன் வேகம் மட்டுமல்ல. நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும்! அறுந்த நூலோடு ஓடி ஓடிப் பழுதான துணியாக நெய்து தள்ளாது. 1929ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி அந்தக் காப்புரிமையை வாங்கியது. அவர் மகன் 1937ல் தொடங்கிய கார் கம்பெனிதான் டொயோட்டா. அங்கேயும் அதே கொள்கைதான். கோளாறு கண்டால் சாதாரணத் தொழிலாளியே கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம்.

நிறுத்திய பிறகு "ஏன்?" என்று ஐந்து தடவை கேள் என்றார் அந்தக் கம்பெனியின் டாயிச்சி ஓனோ. மெஷின் நின்றது ஏன்? ஃபியூஸ் போயிற்று. ஃபியூஸ் போனது ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போகவில்லை, அதனால் ஓவர்லோடு. எண்ணெய் போகாதது ஏன்? பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை? அதன் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லை, இரும்புத் தூள் உள்ளே போய்விட்டது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் மறுவாரம் மறுபடி போயிருக்கும்.

என் மோட்டாருக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். ஏன் எரிந்தது? இன்சுலேஷன் தாங்கவில்லை. ஏன்? பேப்பர் கிழிந்திருந்தது, வார்னிஷ் காயவில்லை. அது ஏன் தெரியவில்லை? மெக்கர் வைத்துப் பார்க்கவில்லை. ஏன் வைக்கவில்லை? அவசரம். ஏன் அவசரம்? செல்போனில் கிரிக்கெட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது! விவசாயியின் ஸ்டார்ட்டரில் நான் தேடிய குற்றவாளி என் சட்டைப் பையிலேயே இருந்தான். நினைவாற்றலுக்கு மாத்திரை, மூளைக்கு டானிக் என்று என்னென்னவோ விற்கிறார்கள். ஒரு வேலை முடியும் வரை போனை டூல் பாக்ஸில் போட்டு மூடி வைப்பதை விடப் பெரிய டானிக் எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டால் மறந்துவிடும். எழுத வேண்டும். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் பத்து வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிற்பாடு 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, வாரத்துக்கு ஒன்று என்று கவனம் வைத்து, தவறிய நாளெல்லாம் ஒரு சிறு நோட்டில் கறுப்புப் புள்ளி வைத்தார். அற்ப விஷயங்களுக்குக் கலங்காமல் இருப்பது அந்தப் பட்டியலில் ஒன்று. 13 வாரம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து! எல்லாவற்றிலும் ஜெயித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ஒழுங்கு மட்டும் கடைசி வரை தகராறு செய்தது என்று அவரே ஒப்புக் கொண்டார். ஆனால் அந்த முயற்சியே தன்னை நல்ல மனிதனாக்கியது என்றார். அச்சுத் தொழிலில் சம்பாதித்து 42 வயதிலேயே தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார்.

நானும் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். கோபம் வந்த நாளில் மூன்று வரி. யாரிடம், எதற்கு, உண்மையான காரணம் என்ன? அவ்வளவுதான். முதல் மாதம் 14 புள்ளிகள். போன மாதம் 6. பெரிய சாதனை இல்லைதான். ஆனால் அந்தப் பதினான்கில் ஒன்பது பசி நேரத்திலோ தூக்கம் கெட்ட மறுநாளோ வந்தவை என்று நோட்டு சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

"அப்போ அநியாயத்தைக் கண்டாலும் கோபப்படக் கூடாதா?" என்று நம் பேரவைத் தோழர்கள் சண்டைக்கு வருவார்கள். கோபம் வரட்டும்! ஸ்டாப்பில் பஸ் நிற்காமல் போனால் கோபம் வரத்தான் வேண்டும். கல்லை எடுத்தால் நம் பேரில் கேஸ். வண்டி நம்பர், தேதி, நேரம் எழுதி நூறு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது மனு. அங்கேயும் நின்று எழுதியவன் பக்கம்தான் பலம்.

கடைசியாக ஒன்று. பதினைந்து நாள் கழித்து மாமாவோடு அந்தத் தென்னந்தோப்புக்குப் போனேன். பணத்தைத் திருப்பி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தப்பு எல்லாருக்கும் வர்றதுதான் கண்ணு. அன்னிக்கு 'பாக்கறேனுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா, நான் எதுக்கு இன்னொரு கடைக்குப் போறேன்?"

நண்பர்களே, நாளைக்கு நம்மில் சிலர் வேலைக்குப் போவோம், சிலர் கடை போடுவோம். எங்கே போனாலும் யாராவது ஒருவர் பழுதான பொருளோடும் சூடான வார்த்தையோடும் வந்து நிற்கத்தான் போகிறார். அன்றைக்கு நம் வாயில் முதலில் வர வேண்டிய வார்த்தை அதுதான்.

பாக்கறேனுங்க!

- இறுதியாண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை