ஜாக்கி தூக்கத்தான், தாங்க அல்ல

என் வகுப்பில் உட்கார்ந்து எழுந்த பிள்ளைகளுக்கும், என்னை மாமா, சித்தப்பா என்று கூப்பிடும் உறவுகளுக்கும் கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. பொறுமையாக முழுவதும் படியுங்கள்.

சென்ற வாரம் நம் குழுவில் ஒரு படம் வந்தது. காரின் முன்பக்கம் ஜாக்கியில் நிற்கிறது. சக்கரம் கழற்றியாயிற்று. வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. "டிரைவ் ஷாஃப்ட் நானே மாத்திட்டேன்" என்று ஒரு வரி. அதன் கீழே வரிசையாகக் கைதட்டல், இதயம், "கலக்கிட்டே மாப்ளே". யார் என்று சொல்ல மாட்டேன். நல்ல பையன், கெட்டிக்காரன். என் கோபத்தில் பாதிதான் அவன்மேல். மீதி, கைதட்டியவர்கள்மேல். ஒருவர்கூட "ஸ்டாண்டு எங்கேப்பா?" என்று கேட்கவில்லையே!

வீட்டில் இந்த வேலையே செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வருகிறது, ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்திருக்கிறது, ஆகவே ஷாஃப்டின் மூட்டு தேய்ந்திருக்கிறது என்று தானே கண்டுபிடிக்கிற பிள்ளையைப் பார்த்தால் எனக்குப் பெருமைதான். நான் எதிர்ப்பது "ஒண்ணும் ஆகாது" என்ற இரண்டே சொற்களை.

டிக்கியில் கிடக்கும் ஜாக்கி பஞ்சரான டயரை மாற்றுவதற்கு மட்டுமே. ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் போகாதே என்று வண்டியோடு வரும் கையேட்டிலேயே எழுதியிருக்கும். சின்னக் காரே 700, 800 கிலோ. அந்த ஜாக்கியின் அடித்தட்டோ உள்ளங்கை அகலம். பக்கவாட்டில் ஒரு தள்ளு போதும், சாய்ந்துவிடும். "நான் ஹைட்ராலிக் வைத்திருக்கிறேன் சார்" என்பவர்களுக்கு: பாஸ்கல் விதியை மறந்துவிட்டீர்களா? வண்டியைத் தூக்கி நிறுத்துவது உள்ளே இருக்கும் எண்ணெயின் அழுத்தம். அந்த எண்ணெயைத் தடுத்து வைத்திருப்பது ஒரு ரப்பர் சீலும் ஒரு சின்ன வால்வும். சீல் கசிந்தால் சொல்லிவிட்டு இறங்காது.

டயர் மாற்றுவதைவிட ஷாஃப்ட் மாற்றுவது பல மடங்கு ஆபத்து. காரணம், அங்கே நெம்புகிறோம், இழுக்கிறோம், சுத்தியலால் தட்டுகிறோம். சக்கரத்தின் நடுவே இருக்கும் பெரிய நட்டின் முறுக்கு பல கார்களில் 150 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். அதாவது அரை மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் முப்பது கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு. அந்த விசையை ஜாக்கியில் நிற்கும் வண்டியிடம் காட்டினால் நட்டு கழலுமோ இல்லையோ, வண்டி நகரும். அதனால்தான் நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே அந்த நட்டைத் தளர்த்திவிட வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. "கியரில் போட்டிருக்கிறேன், வண்டி நகராது" என்கிறீர்கள். முன்சக்கரம் இழுக்கும் காரில் ஒரு பக்க ஷாஃப்டை உருவியதும் கியர் வண்டியைப் பிடிக்காது. டிஃபரன்ஷியல் அந்தக் காலிப் பக்கமாகச் சுற்றிக்கொள்ளும். லோடு வண்டியில் நடுவில் ஓடும் நீள ஷாஃப்டைக் கழற்றினாலும் அதே கதை. பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அதுவும் உதவாது. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது ஒன்றுதான் வழி.

"மெக்கானிக்குகளே ஜாக்கியோடுதானே செய்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். சிலர் செய்கிறார்கள். அதுவும் தப்புதான். காப்பியடித்தவனைப் பார்த்துக் காப்பியடித்தேன் என்றால் நான் மதிப்பெண் போட்டதுண்டா?

"ஹாலோ பிளாக் முட்டுக் கொடுத்தேன் சார்." அந்தக் கல் சுவரில் பாரம் தாங்கும். ஒரு முனையில் எடை அழுத்தினால் திடீரென்று நொறுங்கும். செங்கல்லும் அப்படியே.

"ஸ்டாண்டுக்கு வேறு செலவா?" ஷாஃப்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்குதான் ஒரு ஜோடி ஸ்டாண்டு. ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் கிடக்கும். ஆயுசு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செய்வதானால் இப்படிச் செய்யுங்கள். சமமான சிமெண்டுத் தரை வேண்டும். மண்ணும் வேண்டாம், வெயிலில் இளகும் தார் ரோடும் வேண்டாம். கட்டை வை, நட்டைத் தளர்த்து, ஜாக்கியால் தூக்கு, கையேடு காட்டும் இடத்தில் ஸ்டாண்டை வைத்து அதன்மேல் இறக்கு. பிறகு தோளைக் கொடுத்து வண்டியை நன்றாக ஆட்டிப் பார். விழுவதானால் நீ வெளியே இருக்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கவை. வீட்டில் பெரியவர் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

ஷாஃப்டைப் பிடித்து இழுக்காதே, உள்மூட்டு கழன்றுவிடும். கியர் பெட்டிப் பக்கம் நெம்பி எடு. ஆயில் சீலைக் கீறிவிடாதே. கொட்டிய கியர் ஆயிலை அளந்து ஊற்று. நடு நட்டைப் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கு. கைக்கணக்கு இங்கே செல்லாது. அந்த நட்டு கழன்றால் மாட்டுவது நீ மட்டுமல்ல. பின்சீட்டில் உன் அம்மாவும் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

இதில் ஒன்று குறைந்தாலும் மெக்கானிக்கிடம் போ. கூலி கொடுத்துச் செய்வதில் ஒரு அவமானமும் இல்லை. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்பவன்தான் என் வகுப்பில் முதல் மாணவன்.

கைதட்டுபவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இனி யாராவது வண்டிக்கு அடியில் கிடக்கும் படம் போட்டால், இதயம் போடும் முன் ஸ்டாண்டு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் குழுவில் எழுத வேண்டாம், உடனே போன் போட்டு "வெளியே வாடா" என்று சொல்லுங்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்