ராணி வீட்டில் இரண்டே பேர்!

நான்கு பிள்ளைகள், எட்டுப் பேரப்பிள்ளைகள், எட்டுக் கொள்ளுப்பேரப்பிள்ளைகள். இத்தனை பேர் இருந்தும் 2020 கிறிஸ்துமஸை அந்தத் தாத்தாவும் பாட்டியும் தனியாகத்தான் கொண்டாடினார்கள். பாட்டிக்கு 94 வயது, தாத்தாவுக்கு 99. பாட்டி வேறு யாருமில்லை, இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத். 1997-ல் கமலின் 'மருதநாயகம்' தொடக்கவிழாவுக்குச் சென்னை வந்தாரே, அதே ராணிதான். தாத்தா, இளவரசர் பிலிப்.

அரச குடும்பத்து கிறிஸ்துமஸ் என்றால் சாண்ட்ரிங்ஹாம் மாளிகைதான். 1988-ல் ஆரம்பித்து வருடா வருடம் மொத்தக் குடும்பமும் அங்கே கூடிவிடும். 24-ம் தேதி மாலையே பரிசுகளைப் பிரித்துவிடுவார்கள். இது ஜெர்மன் வழக்கம். விலை உயர்ந்த பரிசெல்லாம் கிடையாதாம், சிரிக்க வைக்கிற மாதிரி இருந்தால்தான் மதிப்பு! மறுநாள் காலை எல்லோரும் சர்ச்சுக்கு நடந்து போவார்கள். அதைப் பார்க்க விடியற்காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும்.

2020-ல் கொரோனா. கிறிஸ்துமஸுக்கு மட்டும் மூன்று குடும்பங்கள் வரை ஒன்றுசேரலாம் என்று நவம்பரில் அரசு அனுமதி கொடுத்தது. இங்கேதான் சிக்கல். தங்களையும் ஒரு குடும்பமாகக் கணக்கு வைத்தால், மிச்சம் இடம் இரண்டு. பிள்ளைகளோ நான்கு பேர். யாரை அழைப்பது, யாரை விடுவது? எந்த அம்மாவுக்கும் சங்கடம்தான்.

டிசம்பர் 1-ம் தேதி அரண்மனையிலிருந்து அறிவிப்பு வந்தது. இருவரும் வின்ட்சர் கோட்டையிலேயே அமைதியாக கிறிஸ்துமஸ் கொண்டாடுவார்கள் என்று. பல செய்திகள் இதை 'பாவம், ராணிக்குத் தனிமை கிறிஸ்துமஸ்' என்கிற தொனியில்தான் சொன்னன. ஆனால் கவனியுங்கள், தடை வருவதற்கு முன்பே அவர்களாக எடுத்த முடிவு அது. வின்ட்சர் இருக்கும் பகுதியில் கட்டுப்பாடு இறுகி, அனுமதி ரத்தானது 20-ம் தேதிதான்.

தனிமை என்றால் நம் வீட்டுத் தனிமை மாதிரி இல்லை. சமைக்க ஆள் உண்டு, கதவு திறக்க ஆள் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் எனக்கு அந்த கிறிஸ்துமஸ் பாவமாகத் தெரியவில்லை. காரணம், அதற்கு முந்தைய மூன்று வருடங்கள். 2017-ல் பிலிப் பொதுப்பணிகளிலிருந்து ஓய்வு பெற்றார். சாண்ட்ரிங்ஹாம் எஸ்டேட்டுக்குள் இருக்கும் வுட் ஃபார்ம் என்ற பண்ணை வீட்டுக்குப் போய்விட்டார். படிப்பது, படம் வரைவது என்று அவர் பொழுது அங்கே. ராணிக்கு ஏது ரிட்டயர்மென்ட்? அவர் லண்டனிலும் வின்ட்சரிலும் வேலையாக இருந்தார். கல்யாணமாகி எழுபது வருடம் கழித்து, ஆளுக்கொரு ஊர்! 2019 கிறிஸ்துமஸுக்கு பிலிப் வந்து சேர்ந்ததே 24-ம் தேதி, லண்டன் மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி, ஹெலிகாப்டரில்.

2020 மார்ச்சில் கொரோனாதான் அவரை வின்ட்சருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நவம்பரில் இரண்டாவது லாக்டௌன் வந்தபோதும் இருவரும் அங்கேதான். அந்த மாதம் 20-ம் தேதி 73-வது திருமண நாள். கொள்ளுப்பேரப்பிள்ளைகள் ஜார்ஜ், ஷார்லெட், லூயி செய்து அனுப்பிய வாழ்த்து அட்டையை சோபாவில் அமர்ந்து இருவரும் பார்க்கும் போட்டோ வெளியானது. ராணியின் உடையில் நீலக்கல் பதித்த சாமந்திப்பூ ப்ரூச். 1947-ல் பிராட்லண்ட்ஸில் தேனிலவுப் படங்களுக்கு அணிந்திருந்தாரே, அதே ப்ரூச்.

கிறிஸ்துமஸ் அன்று டி.வி-யில் ராணியின் உரை. மேஜையில் ஒரே ஒரு போட்டோ, பிலிப்பினுடையது. அன்பானவர்களை இழந்தவர்களுக்கு இந்த நாளில் வேண்டியதெல்லாம் ஓர் அணைப்பு, கையை இறுகப் பற்றும் ஒரு பிடிதான் என்ற பொருளில் அன்று பேசினார். பேசியவருக்கு அப்போது அந்தக் கை பக்கத்தில் இருந்தது.

பிப்ரவரியில் பிலிப் மருத்துவமனையில் சேர்ந்தார். ஒரு மாதம் கழித்து வீடு திரும்பினார். ஏப்ரல் 9-ம் தேதி வின்ட்சரிலேயே காலமானார். நூறாவது பிறந்த நாளுக்கு இரண்டு மாதம் இருந்தது. இறுதிச்சடங்குக்கு 30 பேருக்குத்தான் அனுமதி. கறுப்பு உடையில், மாஸ்க் போட்டுக்கொண்டு, வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த ராணியின் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சாண்ட்ரிங்ஹாம் போயிருந்தால், அந்தக் கடைசி கிறிஸ்துமஸும் பிள்ளைகள், பேரன்கள், சர்ச் வாசல் கூட்டம், கேமராக்கள் என்று நாலாபக்கமும் பங்கு போயிருக்கும்.

2021 டிசம்பரில் ராணி மறுபடியும் கேமரா முன் அமர்ந்தார். கணவரைப் பற்றித்தான் அதிகம் பேசினார். குறும்பு மின்னும் அந்தக் கண்கள் கடைசிவரை மாறவேயில்லை என்றார். மேஜையில் இருவரும் சேர்ந்து நிற்கும் போட்டோ. உடையில் அதே சாமந்திப்பூ ப்ரூச்.