எந்த இடத்தில் அளந்த வேகம்?

அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தில் 1974-இல் நோலன் ரயான் வீசிய பந்தின் வேகம் மணிக்கு 100.9 மைல். 2010-இல் அரோல்டிஸ் சாப்மன் வீசியது 105.1 மைல். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து, 36 ஆண்டுகளில் மனிதக் கரம் நான்கு மைல் முன்னேறிவிட்டது என்போர் உண்டு. பொருளாதாரம் கற்பித்த எனக்கோ, பணவீக்கத்தைக் கழிக்காமல் அன்றைய அரிசி விலையையும் இன்றைய விலையையும் ஒப்பிடுவதாகவே இது தோன்றுகிறது.

கையைவிட்டுப் புறப்பட்ட பந்து, மட்டையாளரைச் சென்றடைவதற்குள் காற்றின் தடையால் தன் வேகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. ஆகவே, எங்கே அளந்தார்கள் என்பதே முதல் கேள்வி. சாப்மனின் பந்தை கேமராக்கள் மட்டையாளரின் தளத்திலிருந்து 50 அடி தொலைவில், அதாவது கையைவிட்ட மாத்திரத்தில் கணக்கிட்டன. ரயானின் பந்தை ரேடார் பிடித்தபோது தளத்தை எட்ட சுமார் 10 அடியே எஞ்சியிருந்தது. 1946-இல் வாஷிங்டனில் ராணுவக் கருவி காட்டிய பாப் ஃபெல்லரின் 98.6 மைலோ, தளத்தருகே அளந்த வேகம். புறப்பாட்டு வேகமாக மாற்றினால் ஃபெல்லர், ரயான் இருவருமே 107 மைலைத் தாண்டுவர் என்று 2016-இல் வெளியான 'ஃபாஸ்ட்பால்' ஆவணப்படம் கணக்கிட்டது.

இத்திருத்தத்தையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. பழைய கருவியில் ஒரு மைல் பிழையிருந்தால், திருத்திய எண்ணிலும் அது குறையாமல் தொடரும்.

2017-இல் கேமராவின் இடத்துக்கு ரேடார் வந்தது. அளவிடும் புள்ளி 50 அடியிலிருந்து பந்து கையை விடும் இடத்துக்கே நகர்ந்தது. எந்த வீரரின் தோளும் வலுப்பெறாமலேயே சராசரி வேகம் உயர்ந்து தெரிந்தது. அடிப்படை ஆண்டை மாற்றியதும் வளர்ச்சி விகிதம் மாறும் விந்தையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பேதும் இருக்காது.

அதற்காக, வேக உயர்வு முழுவதையும் கருவியின் மாயம் என்று தள்ளிவிட முடியாது. ஒரே கேமரா முறை நடைமுறையிலிருந்த 2008 முதல் 2016 வரையிலான காலத்திலேயே சராசரி வேகப்பந்து ஏறத்தாழ ஒரு மைல் கூடியது. அதற்கான விலையை முழங்கைத் தசைநார்கள் கொடுக்கின்றன. வேகத்தைத் துரத்துவதே வீச்சாளர்களின் காயங்கள் பெருகுவதற்கு முக்கியக் காரணம் என மேஜர் லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் கூறியது. பதின்வயதுச் சிறுவர்களைத் தேர்வு செய்ய வருவோரின் கையிலும் இன்று ரேடார் துப்பாக்கி இருக்கிறது. கருவிக்குக் கருவி ஓரிரு மைல் மாறக்கூடிய அந்த எண்ணுக்காகத்தான் அச்சிறுவர்கள் தங்கள் முழங்கையைப் பணயம் வைக்கிறார்கள்.