பந்தய ஆசனம்

புழலைக் கடந்து வடக்கே சென்றால் சோழவரம். அங்குள்ள பழைய விமான ஓடுதளத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நிகழ்ந்த காலமொன்றுண்டு. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைக் களம் திறக்கப்பட்டது. சோழவரத்தில் ஒலி அடங்கிற்று. இளைஞர் ஆசையோ அடங்கிற்றில்லை. ஸ்போர்ட்ஸ் காரிற் பந்தய ஆசனம் பொருத்திப் பெருஞ்சாலையில் ஓட்டுவாரை இன்றுங் காண்கிறோம்.

அவ்வாசனத்தை நாம் பழிப்பேமல்லேம். வளைவிலே உடல் சாயாது பற்றிக்கொள்வது அதன் தொழில். ஆயினும், களத்தில் அது தனித்திருப்பதில்லை. பல முனை வாரும், இரும்புக் கூண்டும், தலைக்கவசமும் அதன் துணைகளாம். கூண்டில்லாக் காரில் அவ்வாரினால் இறுகக் கட்டுண்டவன், வண்டி கவிழ்ந்து கூரை நசுங்குங்கால் குனியவும் இயலான். மேலும், பல கார்களிற் பக்கக் காற்றுப்பை பழைய இருக்கையினுள்ளேயே உளது. இருக்கையைக் கழற்றுவோன் அக்காவலையுங் கழற்றுகிறான்.

“அழகுக்காகவன்றோ?” என்பர் சிலர். அழகிற்கு உயிர் விலையாதல் தகுமோ? பந்தய விதிகளோ, 8855-1999 என்னும் தரத்து ஆசனத்திற்கும் பொதுவாக 5 ஆண்டே ஆயுள் வகுத்துள்ளன. களத்தோர்க்கே அத்துணை அச்சமெனின், சாலையில் நமக்கு எத்துணை வேண்டும்!

வேகம் விரும்புவோர் களத்திற்குச் செல்க. சாலைக்கு வேண்டுவன பழைய இருக்கையும், மூன்று முனை வாரும், அருகிருப்பான் உயிரைத் தம்முயிர்போற் பேணும் உள்ளமுமே.