விலை இன்பொக்ஸில், ஆசை அப்பில்

ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் விடுதியில் யாராவது ஒராள் இதைக் கேட்பார்: "எல்லாக் கடைச் சாமானையும் ஒரே இடத்தில சேர்த்து வைக்க நல்ல அப் ஒண்டு சொல்லுங்கோவன்." உடனே நாலைந்து பெயர் வரும். இது வடிவா இருக்கு, அதில படம் தானா வரும், மற்றதில விலை குறைஞ்சா போனுக்கு மெசேஜ் வரும் என்று ஆளுக்கொரு நியாயம் சொல்லுவினம். இலவசமாகக் கிடைக்கிற அந்த அப்புக்குக் காசு குடுக்கிறது யார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

நாங்களும் போன வருசம் வரை கேட்கவில்லை. கேட்க வைத்தது ஒரு லப்டொப்.

எங்களோடு படிக்கிற ஒருத்திக்கு ஆய்வுக் கட்டுரை எழுத லப்டொப் தேவைப்பட்டது. மூன்று ஒன்லைன் கடைகளில் பார்த்ததை எல்லாம் ஒரு விருப்பப் பட்டியல் அப்பில் சேர்த்து வைத்திருந்தாள். ஒக்டோபரில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அறிவித்தல் வந்தது. 165,000 ரூபா வெட்டப்பட்டு 145,200 ரூபா, 12 வீதம் குறைவு, இரண்டு மட்டும் மீதி. மூன்று தவணையில் கட்டலாம் என்று கீழே ஒரு பொத்தான். அமத்திவிட்டாள். ஒரு தவணை 48,400 ரூபா. அப்போது மஹாபொல 7,500 ரூபா. இரண்டாம் தவணைக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது.

பிறகுதான் அவளுடைய போனிலேயே ஜூலை மாத ஸ்கிரீன்ஷொட் ஒன்றைப் பார்த்தோம். அதே கடை, அதே லப்டொப், 144,500 ரூபா. அதாவது எதுவுமே குறையவில்லை. இடையில் விலையை ஏற்றி, பிறகு பழைய இடத்துக்கு இறக்கி, அதற்குப் பெயர் டிஸ்கவுண்ட். யாழ்ப்பாண ரவுனில் ஒரு கடையில் அதே மொடல் 136,000 ரூபாவுக்கு இருந்ததும் அடுத்த கிழமை தெரிய வந்தது. வித்தியாசம் 9,200 ரூபா. அது அப்போதைய ஒரு மாத மஹாபொலவை விடக் கூட.

"அவள் யோசிச்சு வாங்கியிருக்கலாம்" என்று சொல்லுகிறவர்களுக்கு எங்கள் பதில்: யோசிக்கத்தானே அவள் அந்த அப்பைப் போட்டாள்! விலைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அவசரப்படாமல் வாங்குவதற்கென்று வைத்த சாமான் நடு இரவில் அவளை அவசரப்படுத்தியது. பிழை அவளுடைய புத்தியில் இல்லை. அந்த அப் யாருக்கு வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது.

இந்த வகை அப்களில் பெரும்பாலானவை கமிசனில் ஓடுகிறவை. நீங்கள் சேர்த்து வைத்த பொருளின் லிங்கை அமத்திக் கடைக்குள் போகும்போது லிங்கின் வாலில் ஒரு குறியீடும் சேர்ந்து போகும். வாங்கினால் அந்தக் குறியீட்டுக்குரியவருக்குக் கடை ஒரு பங்கு கொடுக்கும். இதில் களவு ஒன்றும் இல்லை, தரகுதான். ஆனால் தரகர் எப்போதும் விற்பனை நடக்க வேண்டும் என்றுதான் நினைப்பார். நீங்கள் ஆறு மாதம் பார்த்துவிட்டு "வேண்டாம்" என்று முடிவெடுத்தால் உங்களுக்கு இலாபம், அவருக்கு ஒரு சதமும் இல்லை.

இந்தத் தரகு எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்கு ஹனி நல்ல உதாரணம். கூப்பன் தேடித் தருகிற, பிடித்த பொருளின் விலை குறைந்தால் சொல்லுகிற பிறவுசர் நீட்சி அது. 2019இல் பேபால் நிறுவனம் அதை ஏறத்தாழ 400 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. பாவிப்பவர்களிடம் ஒரு சதமும் வாங்காத ஒரு சாமானுக்கு அந்த விலை! 2024 டிசம்பரில், யூடியூபர்கள் பகிர்ந்த லிங்குகளின் கமிசனைக் காசு கட்டுகிற கடைசி நிமிசத்தில் ஹனி தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்து, அமெரிக்காவில் வழக்குகளும் போடப்பட்டன. தீர்ப்பு எப்படியும் வரட்டும். சண்டை நடந்தது உங்கள் பணத்தை மிச்சப்படுத்துவதற்காக இல்லை, உங்களை வைத்து வரும் கமிசன் யாருக்கு என்பதற்காக.

சரி, நேர்மையான அப் ஒன்று இருக்கிறது என்றே வைப்போம். அது எங்கட ஊரில் வேலை செய்யுமா? நாங்கள் நாலு பேர் ஒரு மாதம் மூன்று அப்களைப் பாவித்துப் பார்த்தோம். பெரிய ஒன்லைன் கடைகளின் பொருட்கள் ஒழுங்காக ஏறின. மற்றது எதுவும் ஏறவில்லை. ஏனென்றால் நாங்கள் சாமான் வாங்குகிற கடைகளில் பாதிக்கு இணையப் பக்கமே கிடையாது. உடுப்பு வட்ஸ்அப் ஸ்டேடஸில் வருகிறது, 24 மணித்தியாலத்தில் மறைந்தும் போகிறது. சப்பாத்து பேஸ்புக் லைவில் விற்கிறார்கள். லப்டொப் என்றால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் தெரிந்த அண்ணா ஒருத்தருக்குக் கோல் எடுத்துக் கேட்கிறோம். மேசை விளக்கும் வயரும் புறக்கோட்டையில், மிச்சம் எல்லாம் திருநெல்வேலிச் சந்தையடியில். "எல்லாக் கடைகளும்" என்று அந்த அப் சொல்லும்போது இந்தக் கடைகள் ஒன்றும் அதன் கணக்கில் இல்லை.

இன்ஸ்டகிராம் கடைகளுக்குப் போனால் அங்கே இன்னொரு வியாதி. படம் இருக்கும், அளவு இருக்கும், விலை இருக்காது. "விலைக்கு இன்பொக்ஸ் வாங்கோ." உள்ளே போய்க் கேட்டால் உங்களுக்கு ஒரு விலை, உங்கள் தோழிக்கு இன்னொரு விலை. நாங்கள் ஒரே பையை இரண்டு கணக்குகளில் இருந்து கேட்டுப் பார்த்தோம்: 3,200 ரூபா, 3,800 ரூபா. விலையே சொல்லாத கடையில் எந்த அப் விலையைக் கவனித்துச் சொல்லும்?

இன்னொன்று, சேர்த்து வைத்த பட்டியல் உங்களுடையதே இல்லை. பொலிவோர் என்று ஒரு தளம் இருந்தது. பல கடைகளின் உடுப்பு, நகை, சப்பாத்துப் படங்களைச் சேர்த்து வைக்கவும் அடுக்கிப் பார்க்கவும் உலகம் முழுக்கப் பெண்கள் வருசக்கணக்காகப் பாவித்தது. 2018 ஏப்ரலில் எஸ்சென்ஸ் என்ற கனடிய நிறுவனம் அதை வாங்கியது, வாங்கிய கையோடு மூடியது. சேர்த்ததைத் தரவிறக்கிக்கொள்ளச் சில கிழமைகள்தான் அவகாசம். அமேசனும் வேறு கடைச் சாமான்களைத் தன் பட்டியலில் சேர்க்க விட்டிருந்த பிறவுசர் நீட்சியை 2023இல் நிறுத்திவிட்டது. பெரிய நிறுவனத்தின் இலவச வசதி அந்த நிறுவனத்தின் மனம் மாறும் வரைதான்.

இனி மற்றப் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாலே எங்கட சில தோழர்களுக்கு முகம் சுருங்கும். "நுகர்வு வெறி", "பொம்பிளையளின்ர சொப்பிங் விசர்", "நாடு கிடக்கிற கிடையில விஷ்லிஸ்டா?" தோழரே, நாடு இப்படிக் கிடக்கிறபடியால்தான் பட்டியல் வேண்டும். காசு உள்ளவனுக்குப் பட்டியல் தேவையில்லை, கண்டதும் வாங்குவான். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா, மே மாதத்தில் 360 ரூபா. அந்த நேரம் வீட்டில் எது இந்த மாதம், எது அடுத்த மாதம், எது இனி இல்லை என்று கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதி எழுதி வெட்டினது எங்கட அம்மாமார். கடைக்குக் குடுத்து விடுகிற சாமான் துண்டும் கடன் கொப்பியும் அவர்களின் கணக்கியல். அதை யாரும் நுகர்வு வெறி என்று சொன்னதில்லை. பிள்ளை போனில் எழுதினால் மட்டும் வெறியா? ஒரு நல்ல சப்பாத்துக்கு ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அப்ப என்னதான் பாவிக்கிறது? எந்த அப்பைப் போட முன்னமும் நாலு கேள்வி கேளுங்கள். ஒன்று, விலையைத் திகதியோடு வைத்திருக்கிறதா, அல்லது கடை சொல்லுகிற "பழைய விலை"யை அப்படியே காட்டுகிறதா? இரண்டு, பட்டியலை முழுதாக வெளியே எடுக்க முடியுமா? மூன்று, அதற்கு வருமானம் எங்கிருந்து? நாலு, இணையப் பக்கம் இல்லாத கடையை வெறும் பெயரும் போன் நம்பரும் போட்டுச் சேர்க்க விடுமா? நாங்கள் பார்த்த மூன்றில் ஒன்றும் நாலையும் தாண்டவில்லை.

தாண்டியது ஒரு சாதாரண விரிதாள். நாங்கள் இப்போது பதினொரு பேர் சேர்ந்து ஒன்றைப் பாவிக்கிறோம். நிரல்கள் இவைதான்: சாமான், கடை, சொன்ன விலை, கேட்ட திகதி, டெலிவரிக் காசு, உத்தரவாதம் எத்தனை மாதம், யார் கேட்டது. கடைசி நிரலின் பெயர் "இன்னும் வேணுமா?" சேர்த்து இரண்டு கிழமைக்குப் பிறகு சேர்த்தவரே அதை நிரப்ப வேண்டும். பாதிக்கு மேல் "வேண்டாம்" என்றுதான் வருகிறது. எந்தக் கமிசன் அப்பும் அந்த நிரலை வைக்காது.

அது கூகுளின் விரிதாள்தானே என்று கேட்கலாம். உண்மை, கூகுளும் புண்ணியவான் இல்லை. ஆனால் இரண்டு அமத்தலில் முழுவதையும் கோப்பாக இறக்கலாம், மாத முடிவில் இறக்கி வைக்கிறோம். நாளைக்கு அது மூடினாலும் எங்கட பட்டியல் எங்களிடம் இருக்கும். இதில் வசதிக் குறைவு இருக்கிறது: படம் தானாக வராது, விலையை ஆள்தான் கேட்டு எழுத வேண்டும். அந்த வேலையைப் பதினொரு பேர் பங்கு போட்டால் ஆளுக்குக் கிழமையில் பத்து நிமிசம்.

தனியாள் பட்டியல் செய்யாத ஒரு வேலையையும் அது செய்தது. ஆறு பேரின் வரியில் ஒரே மாதிரி மேசை விளக்கு இருந்தது. ஆறையும் சேர்த்துக் கேட்டோம். ஒன்று 2,400 ரூபா என்றவர் ஆறுக்கு 2,050 ரூபா வீதம் தந்தார். தனித்தனியாகப் போயிருந்தால் ஆளுக்கு 350 ரூபா கூடக் குடுத்திருப்போம்.

ஆனால் விரிதாளால் மட்டும் இது தீராது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வியாபாரி விலையை வாடிக்கையாளர் பார்க்கக்கூடியதாக வைக்க வேண்டும் என்கிறது. தெருக்கடைக்குப் போய் விலைப் பட்டியல் எங்கே என்று கேட்கிற அரசு இன்பொக்ஸ் விலையையும் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல், ஒரு பொருளுக்கு விலைக்குறைப்பு என்று அறிவிக்கிற கடை, அதற்கு முந்திய 30 நாட்களில் இருந்த ஆகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். அந்த விதி இங்கே வேண்டும், நவம்பர் விற்பனைத் திருவிழாவுக்கு முன்னமே வேண்டும். 2022இல் நிறைவேறிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இழுத்தடிக்காமல் முழுதாக நடைமுறைப்படுத்துங்கள். எங்களிடம் இல்லாததன் பட்டியல் எங்களைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அதுவரைக்கும் செய்யக் கூடியது சின்ன வேலை. "விலைக்கு இன்பொக்ஸ்" என்று போடுகிற ஒவ்வொரு பதிவின் கீழும் "விலையை இங்கேயே போடுங்கோ" என்று எழுதுங்கள். விலையைத் திகதியோடு குறித்து வையுங்கள். ஏமாற்று என்று தெரிந்தால் அந்தக் குறிப்போடு 1977க்கு அழைத்து முறையிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு வருகிற அறிவித்தலைக் காலையில் பாருங்கள்.

அவளுடைய மூன்றாம் தவணை டிசம்பரில் முடிந்தது. சங்கிலி இன்னும் மீளவில்லை. எங்கட விரிதாளின் முதல் வரியில் அந்த லப்டொப்பைத்தான் எழுதி வைத்திருக்கிறோம், மூன்று விலையோடும் மூன்று திகதியோடும்.